அடுத்த தாளில் திருத்திய ஹோமர்: நீர்வண்ணம் பழகும் முறை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. பிடிக்காததைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே மறுபடி தீட்டலாம். ஓர் ஆண்டு கழித்து வந்துகூட ஒரு முகத்தை அழித்து வேறு முகம் வைக்கலாம். நீர்வண்ணத்தில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான். அதன் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணப் படலங்கள்தான் ஏறுகின்றன. இருண்டுவிட்ட ஓர் இடத்தைப் பழைய வெண்மைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காத காரியம். எனவே நடப்பியல் பாணியில் நீர்வண்ணம் பழகுகிறவர் தன் படத்தில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டாலும், அதை அந்தத் தாளிலேயே சரிசெய்ய முடிவதில்லை. அப்படியானால் சுயவிமர்சனம் எங்கேதான் வேலை செய்கிறது?

இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரைவிட (1836–1910) வசதியான ஆள் கிடைப்பது அரிது. 37 வயதில்தான் அவர் நீர்வண்ணத்தை முறையாகக் கையில் எடுத்தார். அதற்கென்று எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. ஏறத்தாழ 700 நீர்வண்ண ஓவியங்களை விட்டுச் சென்றார். அவற்றில் பெரும்பாலானவை எந்த ஆண்டு, எந்த ஊரில் தீட்டியவை என்று தெரியும். ஆகவே அவர் எப்படித் தேறினார் என்பதை ஆண்டுவாரியாகப் படிக்க முடிகிறது. வார்த்தைகளில் மட்டும் அவர் மகா கஞ்சர். 1908இல் வாழ்க்கை வரலாறு எழுத அனுமதி கேட்ட விமர்சகர் வில்லியம் ஹவ் டவுன்ஸுக்கு, தன் வாழ்க்கையின் மிகச் சுவையான பகுதி பொதுமக்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று பதில் எழுதி மறுத்துவிட்டார். அதனால் இந்த ஆய்வுக்குச் சாட்சிகள் அவருடைய தாள்களே. ஓவியர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட அவர்களுடைய தாள்கள் நம்பகமானவை என்பது என் கட்சி.

வெறுங்கையோடு வந்தவர் அல்லர்

ஹோமரைத் ‘தானே கற்றவர்’ என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. அவருடைய தாய் ஹென்ரியட்டா, பூக்களை நீர்வண்ணத்தில் தீட்டுவதில் தேர்ந்தவர். தூரிகை பிடிப்பது, தண்ணீர் அளவு பார்ப்பது எல்லாம் வீட்டிலேயே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. 19 வயதில் பாஸ்டனில் ஜே. எச். பஃபோர்டு என்பவருடைய கல்லச்சுக் கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பாட்டுப் புத்தக அட்டைகள் போன்றவற்றுக்குப் படம் வரையும் வேலை. அது அவருக்கு அடிமை வேலையாகவே தோன்றியது. 1857இல் 21 வயது நிறைந்ததும் வெளியேறி, இனி எவரிடமும் மாதச் சம்பளத்துக்கு இருப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

பிறகு வந்ததுதான் உண்மையான பள்ளிக்கூடம். 1857 முதல் 1875 வரை ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ முதலிய இதழ்களுக்குப் படம் வரைந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படை முகாம்களுக்கே போய் வரைந்து அனுப்பினார். அந்தக் காலத்து இதழ்ப்படம் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டது. ஓவியர் வரைந்ததைச் செதுக்குபவர் எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் வெள்ளை வேண்டுமோ அங்கெல்லாம் மரத்தைக் குடைந்து எடுத்துவிடுவார். எஞ்சி நிற்பது மை வாங்கிக் கறுப்பாக அச்சாகும். நிறம் என்ற பேச்சே இல்லை. ஒரு சிறுவனின் சட்டை வெயிலில் இருக்கிறதா நிழலில் இருக்கிறதா என்பதைக் கறுப்பும் வெள்ளையும் இடைப்பட்ட சாம்பலும் மட்டுமே சொல்லியாக வேண்டும்.

பதினாறு ஆண்டுகள் இப்படிச் சிந்தித்த மனிதர் நீர்வண்ணத்துக்கு வருகிறார். நம் பயிற்சி நூல்களும் காணொளிகளும் நிறக் கலவையில் தொடங்கிவிடுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு படம் நம்பும்படியாக இருப்பதற்கு முதல் காரணம் அடர்த்தி, அதாவது ஒவ்வோர் இடமும் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்கிற விகிதம். அது சரியாக இருந்தால் ஒரு முகத்தை முழுக்க நீலத்தில் தீட்டினாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். அது தவறினால் தோல் நிறத்தை எத்தனை துல்லியமாகக் கலந்தாலும் பொம்மைதான். ஹோமர் இந்தக் கடினமான பாதியை முன்பே முடித்துவிட்டு வந்தார். நிறத்துக்கும் அவரிடம் ஓர் ஆசான் இருந்தது: 1860இல் அண்ணன் சார்லஸ் பரிசாகக் கொடுத்த, பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ருலின் நிற முரண் பற்றிய நூல். ஒரு நிறம் பக்கத்து நிறத்தைப் பொறுத்து மாறித் தெரிகிறது என்பது அதன் சாரம்.

1873: கோடு, அதற்குள் நிறம்

1873இன் தொடக்கத்தில் நியூயார்க்கில் நடந்த நீர்வண்ணக் கண்காட்சியில் பிரிட்டிஷ் ஓவியர்களின் படைப்புகள் பெரும் தொகுதியாக இடம்பெற்றன. அந்தக் கோடையில் ஹோமர் மாசசூசெட்ஸின் கிளௌசெஸ்டர் துறைமுகத்தில் தங்கி, படகில் திரியும் சிறுவர்களை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். ‘பாய்ஸ் இன் எ டோரி’ என்ற படம் அந்த ஆண்டினது. பென்சில் கோட்டின் மேல் நீர்வண்ணம், கூடவே ஒளி ஊடுருவாத கௌவாஷ். இந்தத் தொகுதியில் வெயில் நன்றாக விழுகிறது; சிறுவர்களின் உடல் நிலை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இன்னும் இதழ்ப்பட ஓவியரின் கைதான் தெரிகிறது. முதலில் கோடு, பிறகு கோட்டுக்குள் நிறம். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை விட்டுவைக்கத் துணியாமல் பல இடங்களில் வெள்ளை வண்ணத்தை எடுத்து வைக்கிறார். அக்காலத்து விமர்சகர்கள் அவருடைய நீர்வண்ணங்களை முடிக்காத படங்கள் என்று குறைகூறினார்கள். குறை அதுவல்ல என்று நினைக்கிறேன். உருவமும் பின்னணியும் ஒன்றோடொன்று பேசவில்லை. தண்ணீர், படகுக்குப் பின்னால் தொங்கவிட்ட படுதாவாகவே நிற்கிறது.

அதே கோடையில் ‘செய்லிங் த கேட்போட்’ என்று ஒரு நீர்வண்ணமும் பிறந்தது. பாய்மரப் படகில் ஓர் ஆளும் சில சிறுவர்களும் போகும் காட்சி. அதை எடுத்து எண்ணெய் வண்ணத்தில் மூன்று ஆண்டுகள் உழன்று 1876இல் முடித்ததுதான் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் ‘பிரீசிங் அப்’. அகச்சிவப்புக் கதிர்களால் இந்தப் படத்தை ஆராய்ந்தபோது, மேற்பரப்புக்கு அடியில் மறைந்துபோன ஒரு வரலாறு தெரிந்தது. பாய்மரத்தின் அருகே நான்காவதாக ஒரு சிறுவன் இருந்திருக்கிறான். தூரத்தில் இன்னொரு கப்பல் இருந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் சுக்கானையும் பாய்க் கயிற்றையும் அந்தப் பெரிய ஆளே பிடித்துக்கொண்டிருந்தார். இறுதிப் படத்தில் சுக்கான் ஒரு சிறுவன் கைக்குப் போய்விட்டது; நான்காவது சிறுவனும் கப்பலும் காணாமல் போய்விட்டன.

அவர் எதையும் மெருகேற்றிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீக்கியிருக்கிறார், இடம் மாற்றியிருக்கிறார். பழகுகிறவர்கள் தங்கள் படத்தைக் குறைகூற உட்கார்ந்தால் பெரும்பாலும் ‘இங்கே இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும்’ என்ற பக்கம்தான் போவார்கள். ஹோமரின் கண் எதிர்த் திசையில் ஓடியது. எண்ணெய் வண்ணம் அந்தத் திருத்தங்களை மூடி மறைக்க இடம் கொடுத்தது. நீர்வண்ணத்தில் அந்த வசதி இல்லாததால் அவர் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

1880: ஒரே கோடையில் நூறு தாள்

அந்த வழி 1880 கோடையில் தெளிவாகிறது. கிளௌசெஸ்டருக்கே திரும்பி வந்தார். இம்முறை ஊருக்குள் தங்காமல், துறைமுகத்துக்குள் இருக்கும் டென் பவுண்ட் தீவில் கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில் குடியிருந்தார். அந்த ஒரு பருவத்தில் ஏறத்தாழ 100 நீர்வண்ணங்கள். அதே துறைமுகம், அதே பாய்மரங்கள், அதே சிறுவர்கள். மாறிக்கொண்டே இருந்தது பொழுதும் வானமும் மட்டுமே.

எனக்கு இந்த ஆய்வின் மையமே இந்தக் கோடைதான். ஒரு தாளில் அந்திச் சிவப்பு நீரில் சரியாக இறங்கவில்லை என்றால், அதைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் மறுநாள் மாலை அதே இடத்தில் புதுத் தாளோடு உட்கார முடிந்தது. காட்சி மாறாததால் மாறியது தன் கை மட்டுமே என்று தெரியும். இன்று கோயில், நாளை ரோஜாப்பூ, மறுநாள் பூனை என்று தீட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு கிடைக்காது. படம் நன்றாக வந்தால் தான் தேறியதாலா, பூனை எளிது என்பதாலா என்று அவரால் சொல்ல முடியாது.

தொழில்நுட்பமும் மாறியது. ஈரமான தாளில் ஈர வண்ணத்தை விட்டு, அது தானாகப் பரவி விளிம்பில்லாமல் கலக்க விடும் முறை அந்த அந்தி வானங்களில் துணிச்சலாக வருகிறது. பென்சில் கோடு பின்வாங்குகிறது. நூறும் தேறியவை அல்ல. சிலவற்றில் சிவப்பு வெறும் கறையாக நின்றுவிடுகிறது. ஆனால் 1873இல் படுதாவாகத் தொங்கிய தண்ணீர் இப்போது வானத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது.

கல்லர்கோட்ஸும் பஹாமாஸும்

1881 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வட கடலோரத்தில் டைன்மவுத்துக்குப் பக்கத்தில் உள்ள கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் கிராமத்தில் 1882 நவம்பர் வரை தங்கினார். மறுபடியும் ஒரே ஊர், ஒரே வகை மனிதர்கள்: வலை பின்னும், கூடை சுமக்கும், கரையில் நின்று கடலைப் பார்க்கும் மீனவப் பெண்கள். இங்கே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எடை. ஒரு பெண் ஈர மணலில் நிற்கிறாள் என்றால் அவள் கனம் மணலில் இறங்க வேண்டும். தாள்கள் பெரிதாயின, நிறங்கள் சாம்பலுக்கும் பழுப்புக்கும் ஒடுங்கின. படலத்தின் மேல் படலமாக நிதானமாக ஏற்றும் ஆங்கிலேயப் பாணி கைக்கு வந்தது. இந்தக் காலத்துப் படங்கள் சிலருக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு அவை கொஞ்சம் அதிகமாகவே பாடம் படித்தவையாகத் தெரிகின்றன. ஆனாலும் அந்தப் பாடம் இல்லாமல் அடுத்தது நடந்திருக்காது.

அடுத்தது பஹாமாஸ். ‘செஞ்சுரி’ இதழுக்காக 1884 டிசம்பரில் பஹாமாஸ் தலைநகரான நசாவுக்குப் போனார், அங்கிருந்து கியூபாவுக்கும். வட கடலின் சாம்பல் ஒளியில் பழகிய கண்ணில் திடீரென வெப்பமண்டல வெயில். சுண்ணாம்பு பூசிய மதில், தென்னை ஓலை, பச்சை நீலக் கடல். படலத்தின் மேல் படலம் ஏற்றினால் இந்த வெளிச்சம் செத்துப்போகும். எனவே அவர் மதிலைத் தீட்டாமலே விட்டார். மதிலின் மேல் விழும் நிழலை மட்டும் தீட்டினார். எஞ்சிய வெறும் தாள் கண்கூசும் வெயிலாகிவிட்டது. மரக்கட்டையில் எதைக் குடைந்து எடுக்க வேண்டும் என்று பதினெட்டு ஆண்டுகள் யோசித்ததன் பலன் இங்கே வந்து சேர்கிறது. வெள்ளை என்பது சேர்ப்பது அல்ல, காப்பாற்றுவது.

பெரும்பாலானோர் நீர்வண்ணத்தில் தோற்கும் இடம் இதுதான். வெளிச்சத்தைத் தீட்டப் பார்ப்பார்கள். அதற்கு வண்ணப் பெட்டியில் வண்ணம் இல்லை.

கத்தி முனையில் ஒரு தூண்டில் நூல்

1889 முதல் நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைக் காடுகளில் நார்த் வுட்ஸ் கிளப்பில் தங்கித் தீட்டியவை அவருடைய நீர்வண்ணத்தின் உச்சம் என்பது பலர் கருத்து, என்னுடையதும் அதுவே. ஏரி, படகு, தூண்டில், வேட்டை நாய், துள்ளும் மீன். அவரே தேர்ந்த தூண்டில்காரர் என்பதால் நூல் காற்றில் எப்படிச் சுழலும் என்று கைக்குத் தெரியும்.

மீன்பிடிக் காட்சிகளில் ஒரு நுணுக்கத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பின்னணியில் இருண்ட காடும் இருண்ட நீரும். அவற்றின் குறுக்கே தூண்டில் நூல் வெள்ளையாகச் சுழன்று போகிறது. இந்த நூலை எப்படிக் கொண்டுவருவது? தாளில் முடி அளவு வெள்ளையை விட்டுவைத்துச் சுற்றிலும் இருட்டைத் தீட்ட முயன்றால் கோடு நடுங்கும். வெள்ளை வண்ணம் வைத்தால் சுண்ணாம்புக் கோடு போலத் தட்டையாக நிற்கும். ஹோமர் இருண்ட படலம் காய்ந்த பிறகு கத்தி முனையால் ஒரே இழுப்பில் தாளின் மேல்தோலைக் கீறி எடுத்தார். கை நின்றால் நூல் முறிந்துவிடும். அழுத்தம் கூடினால் தாள் கிழிந்துவிடும். கீறல் தொடங்கும் இடத்தில் சற்று அகலமாகவும் போகப் போக மெலிந்தும் போவதால்தான் நூலுக்கு வேகம் வருகிறது. அத்தனை இருட்டையும் தீட்டி முடித்தபின் கடைசியில் செய்ய வேண்டிய வேலை இது. பிசகினால் முழுத் தாளும் போயிற்று.

இதற்குத் தாளும் ஒத்துழைக்க வேண்டும். ஹோமர் பயன்படுத்திய வாட்மேன் போன்ற ஆங்கிலேயத் தாள்களில் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். அதனால் வண்ணம் உடனே உள்ளிறங்காமல் மேலேயே தங்கும். நனைத்து ஒற்றி எடுக்கலாம், சுரண்டலாம், உப்புத்தாளால் உரசலாம். மேகத்தின் வெளிச்ச ஓரம், நீர்ப்பரப்பில் மினுக்கம், அலை நுரை எல்லாவற்றையும் இப்படி எடுத்தே உண்டாக்கினார். நீர்வண்ணத்தில் திருத்தவே முடியாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது விலக்கு. ஆனால் இது முன்கூட்டியே திட்டமிட்ட எடுப்பு. தவறிய பிறகு தேய்த்து மீட்பதற்கும் இதற்கும் தாளில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தேய்த்த இடம் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும்.

வாய் திறக்காத ஹோமர் தன் வேலையைப் பற்றித் தாளிலேயே எழுதிவைத்த அபூர்வமான தீர்ப்பும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘த புளூ போட்’, 1892ஆம் ஆண்டுப் படம். நீலப் படகில் இருவர், திரண்டு நிற்கும் மேகங்கள், நீரில் அவற்றின் பிரதிபலிப்பு. அதில் தன் கையெழுத்தில் ‘இது காரியத்தை முடித்துவிடும்’ என்ற பொருள்படும் ஒரு வரி எழுதியிருக்கிறார். வணிகரை நினைத்து எழுதினாரா தன்னை நினைத்தா என்று வாதிடலாம். எப்படியானாலும் அது ஒரு தொழிலாளியின் பாராட்டு. ‘அழகு’ என்றோ ‘மனத்தைத் தொடுகிறது’ என்றோ அவர் எழுதவில்லை. எடுத்த வேலை முடிந்ததா இல்லையா, அவ்வளவுதான். சுயவிமர்சனத்துக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, தாளைத் தொடும் முன்பே வேலை எது என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

1898–99 குளிர்காலத்தில் பஹாமாஸுக்குத் திரும்பியபோது அதே கடற்கரைகள், அதே படகுகள். ‘ஆஃப்டர் த ஹரிக்கேன்’ (1899) படத்தில் புயல் கரையில் ஒதுக்கிய ஒரு மனிதனும் உடைந்த படகும் கிடக்கிறார்கள். 1885இன் தெளிந்த வெயிலோடு இதை வைத்துப் பார்த்தால், தூரிகை வீச்சுகள் எவ்வளவு குறைந்து, எவ்வளவு அகலமாகிவிட்டன என்று தெரியும். அவருடைய கடைசி நீர்வண்ணமாகக் கருதப்படும் ‘டயமண்ட் ஷோல்’ 1905ஐச் சேர்ந்தது.

ஒரு பித்தளைச் சொம்பை வைத்து

ஹோமரிடம் ஒரு பருவம் முழுக்கத் தீவில் தங்கும் வசதி இருந்தது. வேலைக்குப் போய்வந்து இரவு விளக்கில் தீட்டுகிறவருக்கு அது இல்லை. ஆனாலும் அவருடைய முறையின் எலும்பு மேசை அளவுக்குச் சுருங்கும்.

ஒரு பித்தளைச் சொம்பைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பழகுகிறவர் முதலில் செய்வது: முழுதும் மஞ்சள் தீட்டி, ஓரத்தில் பழுப்பு நிழல் போட்டு, நடுவில் வெள்ளைப் புள்ளி வைப்பது. வருவது மஞ்சள் நிறப் பானை; பித்தளை அல்ல. உலோகம் உலோகமாகத் தெரிவதற்குக் காரணம், அதன் மிகப் பிரகாசமான இடமும் மிக இருண்ட இடமும் அடுத்தடுத்து, நடுவில் இடைநிறம் இல்லாமல் நிற்பதே. சொம்பின் வயிற்றில் சன்னல் விழுந்த இடம் வெறும் தாளாக இருக்கும்; அதை ஒட்டியே கிட்டத்தட்டக் கறுப்பு வரும். அடிவயிற்றில் தரையின் நிறம் ஏறியிருக்கும். தரை சிவப்பு ஆக்ஸைடு என்றால் அங்கே பித்தளையே சிவந்துதான் தெரியும். மஞ்சள் என்று நாம் நினைப்பது மொத்தப் பரப்பில் மிகச் சிறிய பங்கு.

ஆகவே முதல் தாளை ஒரே வண்ணத்தில் தீட்டுவது நல்லது. பழுப்பு நிறச் செப்பியாவோ நீலம் கலந்த சாம்பலான பெய்ன்ஸ் கிரேயோ எதுவானாலும் சரி. வெள்ளை, நடுத்தரம், இருட்டு என்று மூன்றே அடர்த்தி. ஹோமருக்கு இதழ் வேலை கொடுத்த பயிற்சியை இது சில மாலைகளில் சுருக்கமாகத் தரும். இந்த மூன்றும் சரியாக விழுந்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும்.

தீர்ப்பு சொல்லும் நேரமும் முக்கியம். நீர்வண்ணம் காயும்போது வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த இருட்டு காய்ந்ததும் சோகை பிடித்துப்போகும். ஈரத் தாளைப் பார்த்து முடிவெடுக்கிறவர் எப்போதும் பயந்து பயந்து வெளிறலாகவே தீட்டிக்கொண்டிருப்பார். மறுநாள் காலை பார்ப்பதே உத்தமம். அதுவும் நேராக அல்ல. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் சொம்பு என்ற பெயர் கழன்று வெறும் வடிவங்கள் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் வாய் விளிம்பின் கோணல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பயன்தான், ஆனால் கைப்பேசி வெளிச்சத்தைத் தானாகவே சரிக்கட்டிவிடும். அதனால் சொம்பையும் ஓவியத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்து எடுத்தால்தான் ஒப்பீடு செல்லும். ஒளிப்படக் கருவியைக் கண்டு முகம் சுளிக்கவும் தேவையில்லை. ஹோமரே 1882இல் இங்கிலாந்தில் மாசன் அண்ட் ஸ்வான் நிறுவனத்தின் கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

பிறகு தாளின் பின்புறம் ஒரு வரி. ‘நன்றாக இல்லை’ என்று எழுதினால் அது விமர்சனம் இல்லை, வருத்தம். ‘வாய் விளிம்பு அடிவயிற்றைவிட இருண்டுவிட்டது, அடுத்ததில் அடிநிழலை முதலில் போட்டுவிட்டு, விளிம்பைக் கடைசியில் தொடு’ என்று எழுதினால் அது அடுத்த தாளுக்கு உத்தரவு. ஒரு தாளுக்கு ஒரே ஒரு குற்றம். ஐந்து குற்றங்களை எழுதுகிறவர் ஆறாவது தாளைத் தொடுவதில்லை.

அதே சொம்பையே எத்தனை நாள் தீட்டுவது, சலிக்காதா என்று கேட்பார்கள். சலிக்கும், சொம்பை மட்டும் பார்த்தால். ஹோமரின் தொகுதிகளில் பொருள் ஒன்றாகவே இருந்தாலும் சிக்கல் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் அடர்த்தி; பிறகு விளிம்பு, அதாவது எங்கே கூர்மையாக வெட்டி நிற்க வேண்டும், எங்கே பின்னணியோடு கரைய வேண்டும் என்பது; பிறகு நிறத்தின் சூடும் குளிர்ச்சியும். சிக்கல் மாறாமல் நின்றுவிட்டால் மட்டும் சொம்பை மாற்றிவிடலாம்.

நம் ஊர் வானிலைக்கு ஒரு குறிப்பு. சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் வாஷ், அதாவது தாளில் பரப்பிய நீர்த்த வண்ணம், அடுத்த தூரிகை வருவதற்குள் காய்ந்து கோடு விட்டுவிடும். விசிறியை நிறுத்திவிட்டுத் தாளின் இருபுறமும் முன்கூட்டியே நனைத்துக்கொள்வது எளிய தீர்வு. வண்ணத் தண்ணீரில் ஓரிரு துளி கிளிசரின் விட்டாலும் உலர்வது தாமதமாகும். கடலோர ஊர்களின் ஐப்பசி ஈரத்தில் சிக்கல் வேறு. திறந்து வைத்த தாளின் பசை கெட்டு, வண்ணம் மையொற்றும் தாளில் விழுந்தது போல உள்ளே இறங்கிப் புள்ளி புள்ளியாக நிற்கும். அப்போது கையைக் குறைகூறிப் பயனில்லை, குற்றம் தாளினுடையது. இரண்டையும் பிரித்தறிய, சந்தேகமான தாளின் ஓரத்தில் வெறும் தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்க்கலாம். துளி சற்று நேரம் மேலேயே நின்றால் தாள் நலம்.

கண்ணுக்குத் தெரியாத குற்றம்

ஹோமரின் கூர்ந்த கண்ணுக்கும் தப்பிய ஒன்று உண்டு. 1887ஆம் ஆண்டின் ‘ஃபார் டு பி எ ஃபார்மர்ஸ் பாய்’ என்ற நீர்வண்ணம் சிகாகோ கலைக் கழகத்தில் இருக்கிறது. அதன் வானம் ஏறத்தாழ வெறுமையாகத் தெரியும். வேண்டுமென்றே விட்ட வெண்மை என்று பார்ப்பவர்கள் நினைக்க இடமுண்டு, அதுவும் ஹோமர் வெண்மையைக் காப்பாற்றுவதில் வல்லவர் என்பதால். 2008இல் நடந்த கண்காட்சியை ஒட்டி அங்கே நிகழ்ந்த ஆராய்ச்சியில், அந்த வானம் ஒரு காலத்தில் அந்திச் சிவப்பில் இருந்தது தெரியவந்தது. எஞ்சியிருந்த நுண்ணிய நிறமித் துகள்களை லேசர் ஒளிச் சிதறல் முறையில் சோதித்தார்கள். காச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் ‘இண்டியன் பர்ப்பிள்’ என்ற நிறமும், நம் மஞ்சிட்டிக்கு உறவான மேடர் செடி வேரின் சிவப்பும் அகப்பட்டன. இரண்டும் வெளிச்சத்தில் வெளுப்பவை. படம் தீட்டிய அடுத்த ஆண்டே, அதாவது 1888இல், இங்கிலாந்தில் ரசல், ஏப்னி என்ற இரு அறிவியலாளர்கள் நீர்வண்ணங்கள் ஒளியில் எப்படி மங்குகின்றன என்ற சோதனை அறிக்கையை வெளியிட்டார்கள்.

இன்று இந்தக் குற்றத்துக்குச் சாக்கு இல்லை. நல்ல நிறுவனங்களின் டியூப்களில் நிறமியின் குறியீட்டு எண் அச்சிட்டிருக்கும். பழைய பழக்கத்தில் இன்னும் பலர் வாங்கும் அலிசரின் கிரிம்சன், அதாவது பிஆர்83, வெளுக்கும். அதன் இடத்தில் பிவி19 என்ற குவினாக்ரிடோன் சிவப்பு நெடுநாள் நிற்கும். டியூபில் எண் இல்லாத வண்ணம் கையில் இருந்தால், ஒரு துண்டுத் தாளில் பட்டையாகத் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒட்டிவிட வேண்டும். சில மாதங்கள் கழித்து அட்டையை எடுத்தால், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த டியூப் பயிற்சித் தாளுக்கு மட்டும்.